உம்மா நிறுத்திய இடம்

கொழும்பில் நான் என்ன வேலை செய்கிறேன் என்பது புத்தளத்தில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. மருந்து ஆராய்ச்சி என்று சொன்னால் ஏதோ பார்மசியில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். புள்ளிவிபரம் என்று சொன்னால், குடிசன மதிப்பீட்டுக்கு வீடு வீடாகப் போகிறவள் என்று முடிவுகட்டி, தங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்காமலே சொல்லத் தொடங்குவார்கள். உம்மா எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார். "எண்ட சின்ன மகள் கணக்குப் பாக்குறா." அதற்கு மேல் யாரும் துருவினால் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

உம்மா சொன்னது பிழையில்லை. புதிய மருந்தொன்றை நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கொடுப்பார்கள். மற்றப் பாதிக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் குளிசை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் தெரியாது. சில வருடங்கள் ஓடவிட்டுக் கடைசியில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார்கள். இடையில் சில தடவை, வெளியாருக்கு மூடிய அறைக்குள் இருந்து ஒரு குழு மட்டும் கணக்கைத் திறந்து பார்க்கும். மருந்து தெளிவாக உயிரைக் காப்பாற்றுகிறது என்றால் மற்றப் பாதிக்கு வெறும் குளிசையைக் கொடுத்துக்கொண்டிருப்பது பாவம். கேடு செய்கிறது என்றால் தொடர்வதும் பாவம். அதற்குத்தான் அந்த இடைப் பார்வை. அந்த மாதிரி அறைகளுக்குப் போகும் கணக்கைத் தயார்செய்கிறவர்களில் நானும் ஒருத்தி.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் ராத்தாவின் இரண்டு கிட்னியும் பழுதாகிக்கொண்டு போகிறது என்று தெரியவந்தது. ராத்தா என் ஒரே அக்கா. எங்கள் வழக்கப்படி வீடு அவளுக்குச் சீதனமாகப் போனது. மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். உப்பளத்தில் வேலை. வீட்டில் உம்மா, ராத்தா, மச்சான், லீவு கிடைத்தால் நான். நானா, எங்கள் அண்ணன், கட்டாரில். வாப்பா முன்பே மௌத்தாகிவிட்டார்.

மூலைக்கு மூலை உப்பு விளைகிற ஊரில் ராத்தாவுக்கு உப்பு கூடாது என்றார்கள். கருவாடு கூடாது. தண்ணீர் அளந்துதான். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதால் தெம்பிலி இளநீர் கூடவே கூடாது. ஆனால் சுகயீனம் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் தெம்பிலிக் குலையோடுதான் வருவார்கள். முன் விறாந்தையில் தெம்பிலி குவிந்து கிடந்தது. அவளைக் கொல்லக்கூடிய சாமானை இவ்வளவு அன்பாகக் கொண்டுவந்து வைக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்தா சிரிப்பாள். "நீ குடி. நீ குடிச்சா எனக்குக் குளிரும்" என்பாள்.

என் கிட்னியில் ஒன்றை அவளுக்குக் கொடுக்கலாமா என்று பார்த்ததில், என் இரத்தமும் மற்றச் சோதனைகளும் பொருந்தின. கொழும்பில் பரிசோதித்த டொக்டர், டயலிசிஸுக்குப் போகும் முன்பே மாற்றிவிட்டால் நல்லது என்றார். வெட்டும் இடத்தை என் இடது விலாவுக்குக் கீழே விரலால் கோடு கீறிக் காட்டினார். நான் அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்து, அதே இடத்தை உம்மாவுக்கும் காட்டினேன். ராத்தா தன் குணப்படி பகிடியில் இறங்கினாள்.

"சஹன்ல இறைச்சித் துண்டத் தள்ற மாதிரி கிட்னியத் தள்றியா எனக்கு?"

கலியாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து சாப்பிடுவோமே, அந்தச் சஹனைச் சொன்னாள். சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒரே சஹனில்தான் இருப்போம். எனக்கு எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்க்கத் தெரியாது. ராத்தா பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளுவாள். அவள் பக்கம் சோறு மட்டும் மிஞ்சும். அன்று அவள் அதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை.

உம்மாவின் பயம் எனக்குத் தெரியும். எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. "வயித்துல வெட்டின புள்ளய யாரு கேட்டு வருவாங்க" என்று மச்சானிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அது சொல்லக்கூடிய பயம். சொல்லாத பயம் வேறு. இரண்டு மகள்களையும் ஒரே நாளில், ஒரே கதவுக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள் என்பதுதான் அது.

அந்த நேரம் பார்த்துத்தான் நானா கட்டாரிலிருந்து போன் எடுத்தார். கிட்னி பழுதாவதைத் தடுக்கும் மருந்தொன்று வந்திருக்கிறதாம். அதைச் சோதித்துப் பார்த்ததில் அவ்வளவு நல்லாக வேலை செய்ததாம். சோதனையைப் பாதியிலேயே நிறுத்தி எல்லோருக்கும் மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். "பாதியிலயே நிப்பாட்டிட்டாங்க எண்டா யோசிச்சுப் பாருங்க உம்மா, எப்பிடிப்பட்ட மருந்தா இருக்கணும்." தானே வாங்கி அனுப்புகிறேன் என்றார். கிளினிக் டொக்டரிடம் காட்டினோம். இந்த நிலைமையில் குடிப்பதால் பெரிய கெடுதி வராது, ஆனால் இதை நம்பி ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவதென்றால் குடும்பமாக யோசியுங்கள் என்றார். குடும்பமாக யோசிக்கத் தொடங்கினோம். அதாவது, எல்லோரும் ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

அந்தச் சோதனையின் கட்டுரையை நான் வரிவிடாமல் வாசித்திருந்தேன். உம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். "மருந்து நல்லதா கூடாதா, அதச் சொல்லு" என்றார். நல்லதாக இருக்கலாம், ஆனால் அவர்கள் சொல்கிற அளவுக்கு இருக்காது என்றேன். உம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஓம் என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு விசயத்தைச் சொன்னால் கேட்கிறவருக்கு அது சொல்லத் தெரியாதவளின் கதை மாதிரித்தான் இருக்கும். இத்தனை வருடம் படித்து இதைத்தானா சொல்ல வந்தாய் என்பதுபோல.

ராத்தாவிடம் வேறு விதமாகச் சொன்னேன். களப்புக்குப் பக்கத்து வெளியில் நானா கிரிக்கெட் விளையாடியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மட்டை நானாவுடையது. அவருடைய அணி முன்னால் நிற்கிற நேரமாகப் பார்த்து, "பாங்கு சொல்லப் போறாங்க" என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அணி பின்னால் நின்றால் மஃரிபுத் தொழுகை நேரம் தாண்டியும் விளையாட்டு நடக்கும். நானா தோற்றதாகச் சரித்திரமே இல்லை.

"அந்த மருந்துக்காரங்களும் அப்பிடியா?" என்றாள் ராத்தா.

"இல்ல. அவங்க கள்ளமில்ல. எப்ப பாக்குறது, எவ்வளவு முன்னுக்கு நிண்டா நிப்பாட்டுறது எண்டு தொடங்க முந்தியே எழுதி வெச்சிட்டாங்க. முதல் முதல் பாக்குறதுக்குத் தாண்ட வேண்டிய வேலிய நல்லா உயரமாவும் போட்டாங்க. ஆனா எவ்வளவு உயரம் போட்டாலும், ஒரு அணி நல்லா அடிச்சு முடிச்ச ஓவரோட மட்ச நிப்பாட்டினா, அந்த நேரத்து கணக்கு உள்ளதவிடக் கூடத்தான் காட்டும். கடைசி வரைக்கும் விளையாடியிருந்தா வித்தியாசம் கொறஞ்சிருக்கும். அதோட, நிப்பாட்டின நேரம் வரைக்கும் நோய் முத்தினவங்க ரெண்டு பக்கமும் கொஞ்சப் பேர்தான். அத வெச்சு எவ்வளவு நல்லதெண்டு அளக்க ஏலாது."

ராத்தா நான் ஒரு வாரமாக வீட்டில் யாருக்கும் விளக்க முடியாமல் தவித்ததை ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். அவளைப் படிக்கவிட்டிருந்தால் என் கதிரையில் அவள் இருந்திருப்பாள் என்று அன்று நினைத்தேன்.

உம்மா இஸ்திகாரா தொழப்போவதாகச் சொன்னார். இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாதபோது, இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதை எளிதாக்கித் தா என்று அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. கனவு வரவேண்டும் என்று கட்டாயமில்லை, மனது எந்தப் பக்கம் சாய்கிறதோ, எது கூடிவருகிறதோ அதுதான் பதில் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் எத்தனையோ தடவை பயானில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெண்கள் தொழுதுவிட்டுக் கனவுக்குத்தான் காத்திருப்பார்கள். வெள்ளையும் பச்சையும் கண்டால் நல்லது. கறுப்பும் சிவப்பும் கண்டால் வேண்டாம். தெளிவில்லை என்றால் மறுபடி தொழலாம்.

உம்மா மறுபடி மறுபடி தொழுதார். நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். காலையில் அவர் தானாக வாய் திறக்கும் வரை யாரும் கேட்கக்கூடாது. பாணைப் பிய்த்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். "தெளிவில்ல" என்பார். அடுத்த காலையும் தெளிவில்லை. அதற்கடுத்ததும். பிறகு ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு நேரே ராத்தாவின் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்து அழுதார்.

"கண்டன் மகள். வெள்ளைக் கோப்பையில நீ தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாய். வயிறு நெறைய. மருந்தத்தான் காட்டித் தந்திருக்கான்."

அளந்து தண்ணீர் குடிக்கிற பிள்ளையை, வயிறு நிறையக் குடிப்பதாகக் கனவில் கண்ட தாயிடம் யார் என்ன சொல்வது? ஆனால் தொழில் புத்தி விடுமா. அடுப்படிக்குப் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"முந்திப் பாத்த நாளெல்லாம் என்ன கண்டீங்க உம்மா?"

"தெளிவில்ல எண்டு சொன்னன்தானே" என்று சொல்லி உம்மா கேத்தலை அடுப்பில் வைத்தார். அதில் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. அதையும் நான்தான் கவனித்து ஊற்றினேன்.

ராத்தா என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னாள். "பாத்தியா, உம்மாவும் நானாட மட்டையத்தான் புடிச்சிருக்கா." சொல்லிவிட்டு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கியபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். "கொஞ்ச காலம் மருந்தக் குடிச்சுப் பாப்பம். உம்மாட மனசும் ஆறட்டும். நீ எங்க போகப் போறாய், கிட்னி எங்க போகப் போகுது."

நான் கோபித்துக்கொண்டுதான் கொழும்புக்கு ரயில் ஏறினேன். பிறகு டொக்டருக்கு எடுத்து, தள்ளிப்போடலாமா என்று திரும்பவும் கேட்டேன். எழுதியும் அனுப்பினேன். மச்சானோடு சண்டை பிடித்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். என் உடம்பு என்னுடையது, ஆனால் அவள் உடம்பை நான் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மருந்து அவள் நோயை நிறுத்திவைக்கவில்லை. கொஞ்சம் மெதுவாக்கியதோ என்னவோ. மெதுவாக்கியது என்று உம்மா உறுதியாகச் சொன்னார். மருந்து இல்லாமல் எவ்வளவு வேகமாகப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாதபோது எதையும் உறுதியாகச் சொல்லலாம். டயலிசிஸ் தொடங்கியது. அதோடு இதயம் பலவீனப்பட்டது. இப்போது ஒப்பரேஷன் செய்வோமா என்று நான் கேட்டபோது, இந்த இதயத்தோடு மயக்கமருந்து கொடுக்க ஏலாது, முதலில் கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். அவள் தேறவில்லை.

அந்தக் காலத்தில் அதே மருந்தை வைத்து முன்னையதைவிடப் பெரிய சோதனையொன்று வெளிநாடுகளில் நடந்துகொண்டிருந்தது. அதிலும் இடைப் பார்வைகள் இருந்தன. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரே வரிதான் வெளியே வரும்: குழு பார்த்தது, தொடரலாம் என்றது. நானா அதைத் தேடிப் பிடித்து உம்மாவுக்கு எடுப்பார். "தொடரட்டுமாம் உம்மா. நல்ல சகுனம்." உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்பார். எனக்கு அந்த வரி அப்படிக் கேட்காது. தொடரலாம் என்றால், இந்தப் பக்க வேலியையும் தாண்டவில்லை, அந்தப் பக்க வேலியையும் தாண்டவில்லை என்பதுதான் அர்த்தம். முதல் சோதனை சொன்ன அளவுக்கு மருந்து உண்மையிலேயே நல்லதாக இருந்திருந்தால், இவ்வளவு பேரை வைத்து நடத்துகிற சோதனை எப்போதோ நின்றிருக்கும். அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஊரில் எல்லோரும் சந்தோசப்படும் செய்தியை நான் மட்டும் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

ராத்தாவிடம் அதைச் சொன்னேன். டயலிசிஸ் கதிரையில் இருந்தபடி ஐஸ் துண்டொன்றை வாயில் போட்டுச் சூப்பிக்கொண்டிருந்தாள். தாகத்துக்கு அது மட்டும்தான் அனுமதி. "மட்ச் இன்னும் நடக்குது எண்டா நானா முன்னுக்கு இல்ல எண்டுதானே" என்றாள். ஓம் என்றேன். "உம்மாவுக்குச் சொல்லாத" என்றாள். சொல்லியும் இனி ஆவதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

டயலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. மச்சான் வரச் சொன்னார். நான் வந்த ரயில் முந்தலில் நின்றபோது மறுபடி எடுத்தார். என் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அழுதார். ஜன்னலுக்கு வெளியே இறால் பண்ணையில் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. புத்தளம் போய்ச் சேரும் வரை நான் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் ஒரு வார்த்தையும் கேட்காமல் கண் துடைக்கத் தன் லேஞ்சியை என் மடியில் வைத்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவை அடக்கக் கொண்டுபோனார்கள். நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்தோம். விறாந்தையில் தெம்பிலி இருந்தது.

நான் சொன்னது சரியாக இருந்தது. அந்தச் சரியைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? மையித்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "நாடினது அதுதான்" என்றார்கள். எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. நானாவோடு பல மாதம் கதைக்கவில்லை.

பெரிய சோதனையின் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. கடைசி வரை விளையாடி முடித்த மட்ச். மருந்துக்கும் வெறும் குளிசைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் எதுவும் இருக்கவில்லை. அலுவலகத்தில் அதை வாசித்துவிட்டு அடுத்த நாள் ஊருக்கு வந்தேன். யாருக்குச் சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ராத்தாவுக்குத்தான் சொல்லியிருப்பேன்.

உம்மா பின் வாசலில் இருந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"அந்த மருந்துட கத என்ன, முடிஞ்சிட்டா?" என்றார். நானா சொல்லியிருக்க வேண்டும்.

"முடிஞ்சிட்டு உம்மா. பெரிசா பலன் ஒண்டும் இல்லையாம்."

உம்மாவின் விரல் கொப்பில் நின்றது. பிறகு மறுபடி உருவத் தொடங்கினார். உருவிக்கொண்டே, கீரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் முதல் நாளே கண்டன்."

"என்னத்த?"

"கனவு. முதல் தரம் தொழுது படுத்த அண்டைக்கே. பச்சைத் துணி விரிச்சிருக்கு. நீயும் அவவும் ஒரே சஹன்ல இருக்கீங்க. வேற ஒருத்தரும் இல்ல. நீ இறைச்சியப் பிச்சுப் பிச்சு அவட பக்கம் தள்ளுறாய். அவ நல்லாச் சாப்பிடுறா. முகமெல்லாம் ரத்த ஓட்டம்."

நான் கையில் இருந்த கொப்பைக் கீழே வைத்தேன்.

"தெளிவாத்தான் இருந்திச்சு மகள். தெளிவில்ல எண்டு சொன்னது பொய். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல ஒப்பரேஷனுக்குக் குடுக்க எண்ட கல்புக்கு ஏலாமப் போச்சு. வேற ஏதும் காட்டித் தா, வேற ஏதும் காட்டித் தா எண்டு கேட்டுக்கிட்டே தொழுதன். தண்ணி குடிக்கிறதக் கண்டதோட நிப்பாட்டிட்டன்."

இதைத்தானே நான் தொழிலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை பார்த்தார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், முன்னால் பார்த்ததை ஏன் சொல்லவில்லை என்று யார் யாரிடமெல்லாமோ கேட்டிருக்கிறேன். உம்மாவிடம் அன்று அடுப்படியில் கேட்டபோது வெறும் கேத்தல் அடுப்பில் ஏறியதைக் கண்டேன். கண்டும் அவர் பயந்திருக்கிறார் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"அது அடையாளம் இல்ல உம்மா" என்றேன். "ராத்தா அண்டைக்கு சஹன் பகிடி சொன்னாளே, அது உங்கட தலைக்குள்ள இருந்திச்சு. அதுதான் கனவா வந்திருக்கு."

"அப்ப தண்ணி குடிச்ச கனவு?"

"அதுவும் அப்பிடித்தான். அவ தண்ணிக்கு ஏங்குறத ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"அப்ப நான் எத நம்பியிருக்கணும்?"

"என்னை" என்று நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

உம்மா கீரைச் சுளகைத் தள்ளிவைத்தார். "முதல் கனவக் கேட்டிருந்தா எண்ட புள்ள இருந்திருப்பாளா? நீ கணக்குப் பாக்குறவதானே. சொல்லு."

ஓம் என்றால் உம்மா அன்றைக்கே உடைந்துபோவார். இல்லை என்றால் அது பொய். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்து இன்றைக்கும் இருந்திருப்பாள் என்றுதான் என் மனது சொல்கிறது. என் மனதுக்கும் ஆசை இருக்கிறது, அதனால் அதை நான் நம்புவதில்லை. ஒப்பரேஷன் மேசையிலேயே போயிருக்கவும் கூடும். என் கிட்னியை அவள் உடம்பு ஏற்காமலும் போயிருக்கலாம். இந்தப் பக்கம் ஆயிரம் பேர், அந்தப் பக்கம் ஆயிரம் பேர் இருந்தால் எனக்குச் சொல்லத் தெரியும்.

"தெரியாது உம்மா. ஒருத்தர வெச்சுச் சொல்ல ஏலாது. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ராத்தா வேணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. உம்மா அழவில்லை. கீரைச் சாறு ஒட்டியிருந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் இடது விலாவுக்குக் கீழே, டொக்டர் அன்று விரலால் கோடு கீறிக் காட்டிய அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார். சட்டைத் துணிக்கு மேலால் மெல்லத் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு தழும்பும் இல்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தார், நானும் அசையாமல் இருந்தேன்.